குன்னம் உருண்டைக்கல்: டைனோசர் முட்டையா, வேறா?

குன்னத்துக்காரன் | 14 மே 2023, இரவு 9.12

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஒரு குட்டையைத் தூர்வாரினார்கள். ஜேசிபி வாரிக் கொட்டிய மண்ணில் மூன்று உருண்டைக்கல் கிடைத்தது. பெரியது உரித்த தேங்காயைவிடப் பெரிசு, வீட்டுத் தராசில் நாலரைக் கிலோ. மேலே துருப்பிடித்த மாதிரி ஒரு தோல். ஓரிடத்தில் அது உரிந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிகிறது. ஊரே டைனோசர் முட்டை என்கிறது. 2020-லும் இங்கே இதே பரபரப்புதான். ஆனால் படித்தவர்கள் கல்லைப் பார்க்காமலே ‘முட்டை கிடையாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். பார்க்காமல் ஆமென்பது தப்பு என்றால் பார்க்காமல் இல்லை என்பதும் தப்புதானே? உடைக்காமல் சோதிக்க வழி உண்டா?

வெங்கச்சங்கல் | 14 மே, இரவு 11.40

முட்டை இல்லை என்றே நினைக்கிறேன். பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதலில் ஓடு. டைனோசர் முட்டை ஓடு 1 முதல் 3 மி.மீ. கனம் இருக்கும், ஒரே கல்லில் அது பெரிதாக மாறாது. தோல் உரிந்த இடத்தின் விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில் பக்கவாட்டாகப் பாருங்கள். வெறும் துருத்தோல் என்றால் இங்கே அரை மி.மீ., அங்கே ஒரு செ.மீ. என்று கனம் அலையும். பழுப்பு நிறமும் உள்நோக்கிப் போகப்போக வெளுத்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் சாம்பலில் கலந்துவிடும். ஓடு அப்படிக் கலக்காது, கோடு கிழித்ததுபோல் முடியும். வெட்டு முகத்தில் நெட்டுக்குத்தாகப் படிகங்கள் தோளோடு தோள் நிற்கும்.

அடுத்து மேற்பரப்பு. டைட்டனோசர் (நீண்ட கழுத்துத் தாவரவுண்ணி டைனோசர்) வகை முட்டைகளின் ஓட்டில் குண்டூசித் தலை அளவில் புடைப்புகளும், இடையிடையே காற்றுத் துளைகளும் இருக்கும். துரு அப்படி ஒழுங்காக முளைக்காது.

அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 கூடுகள், 256 முட்டைகள் என்று இந்த ஜனவரியில் ஆய்வு வந்ததே, அவை 15 – 17 செ.மீ. விட்டம்தான். உங்கள் தேங்காயும் ஏறக்குறைய அதே. ஊர் ஏமாறுவது இங்கேதான்.

எடையையும் பாருங்கள். கல்லைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை எடுங்கள், பாத்திரத்தின் அடியில் இடிக்கக் கூடாது. வெளி எடையை, இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. 4.5 கிலோ கல் தண்ணீரில் 2.8 காட்டினால் 4.5 ÷ 1.7, அதாவது 2.65. அப்படி வந்தால் அது கெட்டிக் கல்.

வெங்கச்சங்கல் | 15 மே, காலை 6.05

அடர்த்தி சோதனையை விட்டுவிடுங்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியது. புதைந்த முட்டைக்குள்ளும் மண்ணும் கால்சைட்டும் (சுண்ணாம்புப் படிகம்) நிரம்பிக் கல்லாகித்தான் இருக்கும், அதுவும் 2.6 பக்கம்தான் காட்டும். கணக்கு சரி, பதில் உதவாது.

வெங்கச்சங்கல் | 15 மே, மதியம் 1.30

இன்னொரு சோம்பேறி வாதத்தையும் முன்கூட்டியே அடைத்துவிடுகிறேன். ‘குன்னம் கடல் பாறை, டைனோசர் தரைப் பிராணி, அதனால் இருக்காது’ என்பார்கள். செத்த உடல் வீங்கி ஆற்றோடு மிதந்து கடலுக்குப் போய் அங்கே மூழ்கலாம். உலகில் பல இடங்களில் கடல் படிவுகளில் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது. நம் திருச்சிராப்பள்ளித் தொகுதி என்ற பாறை அடுக்குக் கூட்டத்தின் கடல் பாறையிலிருந்தே 1979-ல் ‘திராவிடோசாரஸ்’ என்று ஒன்றை யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்தார்கள். தகடு முதுகு ஸ்டெகோசர் என்றார்கள். 1990களில் சங்கர் சாட்டர்ஜி அதை நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவான பிளிசியோசர் என்று மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எனவே எலும்பு கடல் பாறையில் வரலாம். ஆனால் மூன்று முட்டை உடையாமல் நசுங்காமல் ஆழ்கடல் களிக்கு வந்து சேர்வது வேறு கதை. அதை நம்ப வேண்டுமானால் ஓடு கையில் இருக்க வேண்டும்.

கேள்வியையே மாற்றிக் கேளுங்கள்: இது என்ன என்பதற்கு முன்னால், இது எந்த அடுக்கிலிருந்து வந்தது?

குன்னத்துக்காரன் | 15 மே, இரவு 8.50

லென்ஸில் பார்த்தேன். தோல் கனம் ஓரிடத்தில் அரிசி அளவு, இன்னோரிடத்தில் விரல் கனம். ஓடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சின்ன கல்லின் ஒரு பக்கம் பரோட்டா மடிப்பு மாதிரி வளைந்த வரிகள். இன்னொரு பக்கம் வேப்பிலை விளிம்பு மாதிரி நெளிநெளியாகக் கோடு. அது என்ன?

வெங்கச்சங்கல் | 15 மே, இரவு 9.20

அதுதான் விடை. அம்மோனைட், டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்து அழிந்த சுருள் ஓட்டு உயிர், கணவாய்க்கு உறவு.

வளைந்த வரிகள் ஓட்டின் மேல் இருந்த மேடுகள். வேப்பிலைக் கோடு உள்ளே அறைகளைப் பிரித்த தடுப்புச் சுவர், வெளி ஓட்டோடு ஒட்டிய இடம். ஓடு இருக்கும்வரை அந்தக் கோடு தெரியாது. ஓடு கரைந்து, உள்ளே நிரம்பிய மண் அச்சாக நின்றால்தான் வெளியே வரும். அம்மோனைட் ஓடு அரகோனைட், அதாவது இன்னொரு சுண்ணாம்புக் கனிமம், சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் நம் பக்கம் பாதிக்கு மேல் வெறும் அச்சு.

உருண்டை வடிவம் வந்த வழி: செத்த உடல் களியில் புதைந்து அழுகும்போது சுற்றியுள்ள நீரில் பைகார்பனேட் ஏறி, களித்துகள்களுக்கு இடையே கால்சைட் படிந்து கெட்டியாகிறது. நடுவிலிருந்து வெளியே வளர்வதால் உருண்டை. சுற்றியுள்ள களி பிற்பாடு மேல்சுமையில் நசுங்கித் தட்டையாகும், உருண்டை மட்டும் பழைய கனத்தில் நிற்கும். களியின் அடுக்குக் கோடுகள் உருண்டைக்குள்ளேயும் நேராக ஓடினால் அது மண்ணுக்குள் வளர்ந்த கல் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

2020 அக்டோபரில் குன்னத்தில் கிடைத்ததையும் வல்லுநர்கள் அம்மோனைட் சார்ந்த உருண்டைகள் என்றுதான் சொன்னார்கள்.

வெங்கச்சங்கல் | 16 மே, காலை 7.15

முதல் குறிப்பில் ‘நெட்டுக்குத்தான படிகங்கள் இருந்தால் முட்டை ஓடு’ என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். அரியலூர் மாவட்டத்தில் இது ஆபத்தான வாக்கியம்.

இனோசெராமஸ் என்ற சிப்பியின் ஓடும் அதே மாதிரிதான் உடையும்: தீப்பெட்டியில் குச்சி அடுக்கியதுபோல் மேற்பரப்புக்குச் செங்குத்தாகக் கால்சைட் தூண்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அந்தத் துண்டுகள் கொட்டிக் கிடக்கும். இரண்டாவது, காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களியில் ஓடும் ஜிப்சம் நரம்பு. பட்டு நூல் மாதிரி இழைகள், அதுவும் செங்குத்து. ஜிப்சத்தை நகத்தால் கீறலாம், அமிலத்தில் பொங்காது. சிப்பி நகத்துக்கு மசியாது, அமிலத்தில் பொங்கும். முட்டை ஓடும் பொங்கும். ஆகவே சிப்பியா முட்டையா என்பதை அமிலம் சொல்லாது. காற்றுத் துளையும் புடைப்பும் வேண்டும், சீரான வளைவும் வேண்டும்.

சிப்பிச்சுண்ணாம்பு | 16 மே, காலை 10.02

அமிலம் என்று சொன்னால் எல்லாரும் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடுவார்கள். அளவு சொல்லுங்கள்.

வெங்கச்சங்கல் | 16 மே, காலை 10.30

கடையில் கிடைக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 35 சதவீதம் சுமார். மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலம். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் தெறிக்கும். சொட்டு மருந்துப் பாட்டிலில் வைத்து ஒரு சொட்டு, கல்லின் அடிப்பக்கத்தில். சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். டாலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) சும்மா இருக்கும், கத்தியால் சுரண்டிப் பொடியாக்கினால் மெல்லப் பொங்கும். அமிலம் இல்லையென்றால் கல்லைச் சுரண்டிய பொடியில் வினிகர்.

ஒரு பொறி: உருண்டைக்கல் மேலே சுக்கான் (மண்ணுக்குள் படியும் சுண்ணாம்பு) பூச்சு இருந்தால் எந்தக் கல்லும் பொங்கும். பூச்சைச் சுரண்டிவிட்டு விடுங்கள்.

வெங்கச்சங்கல் | 18 மே, இரவு 10.15

அடுக்கு வரிசை கேட்டு இரண்டு தனிச்செய்தி. இங்கேயே எழுதிவிடுகிறேன், நீளும்.

அடியில் நைஸ் பாறை, மிகப் பழையது. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கிய காலத்தில் கிழக்கு ஓரம் விரிசல் விட்டு இறங்கிப் பள்ளமானது, அதுதான் காவிரிப் படுகை. பள்ளத்தின் மேற்கு விளிம்பு மட்டுமே பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளியே தெரிகிறது. மிச்சம் எல்லாம் கிழக்கே தஞ்சை, நாகை வண்டலுக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும். நரிமணத்தில் எண்ணெய் எடுப்பது இதே படுகையின் புதைந்த பகுதியில்தான்.

விளிம்பில் முதலில் வருவது தெரணிக் களி. வெள்ளைக் களி, பீங்கான் வேலைக்குத் தோண்டுகிறார்கள். டைலோஃபில்லம் போன்ற இலைத்தடங்கள் கிடைக்கும். கடல் இன்னும் வரவில்லை.

பிறகு ஊட்டத்தூர்த் தொகுதி. கடல் உள்ளே வருகிறது. கல்லக்குடிப் பக்கம் பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல், அதோடு சாம்பல் ஷேல் (களிப்பாறை). இது ஏறக்குறைய 11 முதல் 10 கோடி ஆண்டு. அதற்குமேல் காரை அடுக்கு: கீழே ஒதியம் பகுதி, பெலம்னைட்டும் (கணவாய் இனத்து உயிரின் குண்டு வடிவ உள்ளோடு) ஜிப்சமும் நிறைந்த களி. மேலே குன்னம் பகுதி, மணல் கலந்த களி. மொத்தமாக 10 கோடிக்குச் சற்று முன்பிருந்து 9 கோடிச் சொச்சம் வரை. உங்கள் உருண்டைகள் பெரும்பாலும் இங்கே.

அதன்மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி. குளக்காநத்தம், அணைப்பாடி, கருடமங்கலம் பக்கம். கடல் ஆழம் குறைந்து மணலும் கூழாங்கல்லும் வருகின்றன. கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லை இழைத்து மெருகேற்றினால் ‘திருச்சி மார்பிள்’. சாத்தனூர்க் கல்மரம் இந்தத் தொகுதியில்.

பிறகு அரியலூர்த் தொகுதி: சில்லக்குடி மணற்கல், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், ஒட்டக்கோவில் மணற்கல், கடைசியில் கல்லமேடு. கல்லமேட்டில் கடல் விலகி ஆறும் சேறும். டைனோசர் எலும்பு வருவது அங்கே.

எல்லாவற்றுக்கும் மேல் நின்னியூர். டைனோசர் போன பிறகு, 6.6 கோடி ஆண்டுக்கு இப்பால். கடல் திரும்பி வந்துவிட்டது, அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. அதன் உறவான நாட்டிலாய்ட் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

குறுக்கே ஒரு நாளில் மேற்கிலிருந்து கிழக்கே போனால் ஏறக்குறைய 5 கோடி ஆண்டு கடக்கலாம், டீ குடித்துக்கொண்டே.

குன்னத்துக்காரன் | 18 மே, இரவு 10.40

அப்போது 2009-ல் செந்துறைப் பக்கம் முட்டை என்று வந்த செய்தி?

வெங்கச்சங்கல் | 18 மே, இரவு 11.00

இங்கேதான் அடுக்கு பேசுகிறது. கல்லமேட்டுத் தரைப்படிவுகள் இருப்பது அந்தப் பக்கம். பாறையை வைத்து அந்தக் கூற்றைத் தள்ள முடியாது, ஓட்டின் நுண்ணமைப்பை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். அதே உருண்டை குன்னத்தில் கிடைத்தால் முதல் சந்தேகம் அம்மோனைட், செந்துறையில் கிடைத்தால் முதல் வேலை ஓட்டை அறுத்துப் பார்ப்பது.

வெங்கச்சங்கல் | 19 மே, காலை 8.00

ஊர்ப்பெயர்க் கூத்து. இந்த அடுக்குகளைப் பற்றிப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-ல் எழுதியபோது ஆங்கிலத்தில் ‘ஊட்டாட்டூர்’, ‘அர்ரியாலூர்’ என்ற வாக்கில் எழுத்துக்கூட்டினார். பிறகு அது ‘உட்டாட்டூர்’ ஆகி, நம்மவர்கள் அதைத் தமிழாக்கி ‘உத்தத்தூர்’ என்று எழுதுகிறார்கள். ஊர் ஊட்டத்தூர்தான், பஸ் போர்டில் பார்க்கலாம்.

டால்மியாபுரம் இன்னும் வேடிக்கை. பெயரை மாற்றக் கோரி 1953-ல் தண்டவாளத்தில் படுத்துப் போராடி, பிற்பாடு ஸ்டேஷன் கல்லக்குடி ஆனது. பாறை அடுக்கின் பெயர் மட்டும் உலக ஆய்விதழ்களில் ‘டால்மியாபுரம் அடுக்கு’ என்றே நிற்கிறது. ஒருமுறை சூட்டிய அடுக்குப் பெயரை ஊர்ப்பெயர் மாறினாலும் மாற்றுவதில்லை என்பது விதி. ‘டிரிச்சினாபொலி’யும் அதனால்தான் உயிரோடு இருக்கிறது.

சிப்பிச்சுண்ணாம்பு | 21 மே, மாலை 5.45

காரைப் பள்ளங்களில் ஜிப்சம் பளபளக்கிறதே, கடல் வற்றி உப்பு படிந்ததுதானே? பள்ளிக்கூட டூரில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வெங்கச்சங்கல் | 21 மே, இரவு 9.30

பெரும்பகுதி அப்படியில்லை. கடல் வற்றிப் படிந்த ஜிப்சம் என்றால் அடுக்கோடு அடுக்காகப் பாயாக விரிந்திருக்க வேண்டும். காரையில் அது களியின் வெடிப்புகளில் ஓடுகிறது. படுக்கையாக, சாய்வாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. அதே களியில் அம்மோனைட்டும் பெலம்னைட்டும் இருக்கின்றன. உப்பு கட்டிய தண்ணீரில் அவை வாழ முடியாது.

களியில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருக்கிறது. நிலம் மேலே வந்து காற்றும் மழைநீரும் இறங்கும்போது பைரைட் ஆக்சிஜனேறிக் கந்தக அமிலம் கொடுக்கிறது. அது சிப்பிச் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாகிறது, இரும்பு மஞ்சள்–பழுப்புக் கறையாக மிஞ்சுகிறது. அதனால் ஜிப்சம் நெருக்கமான இடத்தில் ஓடுள்ள புதைபடிவம் குறைந்து, கெட்டிப்பட்ட உருண்டைக்குள் இருப்பது மட்டும் தப்பியிருக்கும். பெலம்னைட் கெட்டிக் கால்சைட் குண்டு, அதனால் அதுவும் தப்பும்.

பழுப்பாகக் கெட்டியாக, அமிலத்தில் பொங்காத சிறு உருண்டைகளும் காரைக் களியில் உண்டு, பாஸ்பேட். நைட்ரிக் அமிலத்தில் கரைத்த அம்மோனியம் மாலிப்டேட் ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் வரும்.

வெங்கச்சங்கல் | 24 மே, காலை 6.40

காரைக்குப் போகிறவர்களுக்கு: தரையில் கிடப்பதைப் பொறுக்கிப் பையில் போட்டு ‘காரை’ என்று எழுதினால் அது அலங்காரக் கல். களி ஒவ்வொரு மழைக்கும் கரைந்து போகிறது, கனமான பெலம்னைட் அங்கேயே தங்கி அடுத்த அடுக்கின்மேல் இறங்குகிறது. இருபது மீட்டர் களியில் இருந்தவை ஒரே தரையில் கூட்டம் போடுகின்றன. மண்ணில் பாதி புதைந்து நிற்பதை மட்டும் எடுங்கள், மீதிக்குத் தனிப்பை, ‘தரை’ என்று எழுதி.

அடுக்கு அளக்க: 1.5 மீட்டர் குச்சி, சாய்மானி, நோட்டு. சாய்வு இங்கே பொதுவாகக் கிழக்கு நோக்கி 5 முதல் 10 பாகை. தட்டை நிலத்தில் சாய்வுத் திசையிலேயே 200 மீட்டர் நடந்தால், 8 பாகைச் சாய்வுக்குக் கனம் 200 × 0.139, சுமார் 28 மீட்டர்.

வெங்கச்சங்கல் | 24 மே, காலை 9.10

மேலே உள்ளதைப் பார்த்து யாரும் ஒரே ஒரு சாய்வு எடுத்துக் கணக்குப் போட வேண்டாம். 6 பாகை என்றால் 21 மீட்டர், 10 பாகை என்றால் 35. கையில் பிடிக்கும் கருவியில் இரண்டு பாகை பிசகுவது சாதாரணம். ஒரே இடத்தில் ஐந்து முறை எடுத்து நடுமதிப்பு வையுங்கள். களியில் சாய்வு எடுக்கவே கூடாது, சரிந்து உருண்டிருக்கும். இடையில் வரும் மணற்கல் அல்லது சுண்ணாம்புப் பட்டையில் எடுங்கள். சாய்வுத் திசைக்கு 30 பாகை விலகி நடந்தால் நடந்த தூரத்தை 0.87-ஆல் பெருக்கிவிட்டு மேலே போங்கள்.

வெங்கச்சங்கல் | 2 ஜூன், இரவு 8.20

உருண்டை எந்த அடுக்கு என்று அம்மோனைட் சொல்லாவிட்டால் அதைச் சுற்றியிருந்த களி சொல்லும். உருண்டையில் ஒட்டியிருக்கும் களியைக் கழுவி எறிந்துவிடாதீர்கள், அதில் ஃபோராம்கள் இருக்கும். மணலைவிடச் சின்ன கடல் உயிர்களின் ஓடுகள்.

200 கிராம் களியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, 60 பாகைச் சூட்டில் ராத்திரி முழுக்கக் காயவிடுங்கள். எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நன்றாகத் தண்ணீரில் உதிரும். பிறகு சூடான தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவை சோடா, ஒரு நாள் ஊறட்டும். 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். விரலால் தேய்த்தால் ஓடு உடையும். கீழே வரும் தண்ணீர் தெளிந்ததும் நிறுத்தி, மிஞ்சியதை 50 பாகைக்குள் காயவைத்து, கருப்புத் தட்டில் தூவி, மூன்று சுழி தூரிகையை நனைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு மாதிரி முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்குங்கள். அடுத்த மாதிரியில் நீல ஓடு வந்தால் அது பழைய பாக்கி.

உதிராவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு, 10 சதவீதம்.

சிப்பிச்சுண்ணாம்பு | 3 ஜூன், காலை 7.00

காரைக் களிக்கு இது இரண்டும் ஆகாது. பைரைட் உள்ள களியில் பெராக்சைடு ஊற்றினால் சூடேறி நுரைத்து அமிலம் உண்டாகும். நீங்கள் 21 மே எழுதிய அதே வேதியியல், பாத்திரத்துக்குள். ஓடெல்லாம் கரைந்து ‘புதைபடிவம் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். ஜிப்சம் உள்ள களியில் சலவை சோடா போட்டால் இரண்டும் சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பாக ஓட்டின்மேல் படியும், ஒன்றையும் அடையாளம் காண முடியாது.

வெங்கச்சங்கல் | 3 ஜூன், காலை 7.25

ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியது அரியலூர்த் தொகுதிக் களிகளுக்குப் பழகிய கை. காரைக்கு: முதலில் கண்ணில் படும் ஜிப்சத்தைக் கையால் பொறுக்குங்கள். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மாற்றி மாற்றி ஊற்றுங்கள். ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் கரையும், களியில் 10 கிராம் இருந்தால் ஐந்து லிட்டராவது வேண்டும். காயவைத்து ஊறவைப்பதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால் பெரும்பாலும் தானே உதிரும்.

வெங்கச்சங்கல் | 11 ஜூன், மாலை 4.00

கல்லங்குறிச்சிச் சுரங்கச் சுவர் பற்றி ஒரு கேள்வி வந்தது: சிப்பி எல்லாம் இருந்த இடத்திலேயே புதைந்ததா, அடித்து வந்து குவிந்ததா?

அங்கே கிரைஃபியா வகைச் சிப்பி. ஒரு மூடி கனமாக, குழிந்த கரண்டி மாதிரி, நல்ல தடிப்பு. இன்னொன்று தட்டை மூடி. உயிரோடு இருந்தபோது கரண்டியின் குழிந்த பக்கம் மேலே, முதுகு சேற்றில். அலை புரட்டினால் முதுகு மேலே வந்து கவிழ்ந்து நிற்கும், அதுதான் நீரோட்டத்தில் நிலையான நிலை. சுவரில் ஒரு மீட்டர் சதுரம் கட்டி ஐம்பது சிப்பி எண்ணுங்கள்: எத்தனை நிமிர்ந்து, எத்தனை கவிழ்ந்து, எத்தனை இரண்டு மூடியும் சேர்ந்து. சேர்ந்தவை அதிகம் என்றால் நகரவே இல்லை. கவிழ்ந்து, தனி மூடியாக, விளிம்பு தேய்ந்து இருந்தால் புயல் வேலை. ஓட்டில் சல்லடைத் துளை இருந்தால் கடற்பஞ்சு குடைந்தது. உள்பக்கமும் துளை இருந்தால் செத்த பிறகு கொஞ்ச காலம் மூடாமல் கிடந்திருக்கிறது. ஒரே சுவரில் பட்டைக்குப் பட்டை இது மாறும், மொத்தமாக எண்ணினால் ஒன்றும் தெரியாது.

சுரங்கத்தில் மேலாளர் அனுமதி, தலைக்கவசம், வெடி நேரம் கேட்டுக்கொள்வது. புதிதாக வெடித்த சுவரின் கீழே நிற்காதீர்கள், கல் தானாக உதிரும்.

வெங்கச்சங்கல் | 11 ஜூன், இரவு 9.50

18 மே குறிப்பில் சாத்தனூர்க் கல்மரத்தின் வயதைச் சொல்லாமல் விட்டதைப் பிடித்துவிட்டார்கள். பல இடங்களில் 12 கோடி என்று எழுதியிருக்கிறது. மரம் கிடப்பது திருச்சிராப்பள்ளித் தொகுதியில் என்றால் பாறையின் வயது 9 கோடி சுமார். மரம் பாறையைவிட மூன்று கோடி ஆண்டு மூத்ததாக இருக்க, அது முதலில் எங்கோ கல்லாகி, பிறகு 18 மீட்டர் நீளம் உடையாமல் உருண்டு வந்திருக்க வேண்டும். எனக்கு 9 கோடிதான் சரியாகப் படுகிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை அறிவித்ததும், அது பூக்காத ஊசியிலை வகை என்பதும் சரி.

குன்னத்துக்காரன் | 25 ஜூன், மாலை 6.30

உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூரில் கிடைத்துக் கரைந்துபோனது என்கிறார்களே, உண்மையா?

வெங்கச்சங்கல் | 25 ஜூன், இரவு 10.10

புருகத்காயோசாரஸ். 1980களின் கடைசியில் கல்லமேட்டிலிருந்து விவரிக்கப்பட்டது, கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று. முதலில் ஊனுண்ணி வகை என்று வைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துச் சோரோபாட் என்று ஆனது. எலும்பு மழைநீர் ஊறி நொறுங்கும் நிலையில் இருந்தது, எடுத்துவரப் போட்ட பிளாஸ்டர் உறைக்குள்ளேயே சிதைந்துவிட்டது. மிஞ்சியவை படங்களும் கோட்டோவியமும். ‘உலகிலேயே பெரியது’ என்பதற்கு அளந்து பார்க்க எலும்பு இல்லை. கல்லமேட்டுக்கு உறுதியான பெருமை வேண்டுமானால் 2013-ல் அறிவித்த ஒரு சின்னப் பல்லைச் சொல்லலாம், ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய சிறு டைனோசர் வகை, இந்தியாவில் முதல் முறை.

எலும்பு ஏன் நொறுங்குகிறது: நுண்துளைகளில் களி புகுந்திருக்கும். நனைந்தால் களி ஊதும், காய்ந்தால் சுருங்கும், எலும்பு உள்ளிருந்தே வெடிக்கும். செய்ய வேண்டியது, தார்ப்பாய் கட்டி முதலில் எலும்பைக் காயவிடுவது. பிறகு அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 பிசினைச் சொட்டுச் சொட்டாக ஊற விடுவது. ஈரம் இருந்தால் வெள்ளையாகப் பூத்து மேலேயே நின்றுவிடும். சுற்றிலும் பள்ளம் வெட்டி எலும்பை ஒரு மண் திண்டில் நிறுத்தி, ஈரக் காகிதம் நாலு அடுக்கு, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த சாக்குப் பட்டைகள். காகிதத்தை விட்டால் பிளாஸ்டரோடு எலும்பும் வரும். ஒரு மீட்டருக்கு மேல் என்றால் மரச்சட்டம் சேர்த்துக் கட்ட வேண்டும். உறையின்மேல் எண்ணும் வடக்குக் குறியும். அதையும் மழைக்காலத்துக்கு முன் திறந்துவிட வேண்டும், பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

குன்னத்துக்காரன் | 9 ஜூலை, இரவு 8.15

நடுக்கல்லை கிரானைட் அறுக்கும் பட்டறையில் தண்ணீர் விட்டு அறுத்தேன். உள்ளே நடுவில் இல்லாமல் ஓரமாக ஒரு சுருள், அறைகளில் வெள்ளைப் படிகம். நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடிப்புகள், அதிலும் அதே வெள்ளை. மெல்லிய களிக் கோடுகள் கல்லுக்குள் குறுக்கே நேராகப் போகின்றன. ஜேசிபி டிரைவர் சொல்வது: மேலே சுக்கான், அதற்குக் கீழே சாம்பல் களி, பத்தடி இறங்கியபோது வந்தது.

வெங்கச்சங்கல் | 9 ஜூலை, இரவு 9.00

வெடிப்பு, உருண்டையின் உட்பகுதி சுருங்கியபோது உண்டானது, பிறகு கால்சைட் நிரம்பியது. களிக்கோடு நேராக ஓடுவது மே 15-ல் கேட்ட சாட்சி.

டிரைவரைக் கூட்டிப்போய்க் குட்டையின் எந்த மூலை என்று காட்டச் சொல்லுங்கள், ஜிபிஎஸ் புள்ளி எடுங்கள். தண்ணீர் நிறையும் முன் அந்தச் சுவரில் சுக்கான் எத்தனை அடி, களி எத்தனை அடி என்று அளந்து, பத்தடி மட்டத்தில் அரைக் கிலோ களி எடுத்து வையுங்கள். வெட்டிய இரண்டு பாதியிலும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு புள்ளி, காய்ந்தபின் இந்தியன் இங்க்கில் கு-2அ, கு-2ஆ. மார்க்கர் பேனா வேண்டாம், நாளாவட்டத்தில் வெளுத்துவிடும். பெரிய கல்லை அறுக்காதீர்கள், கு-3 என்று மட்டும் எழுதுங்கள்.

குன்னத்துக்காரன் | 9 ஜூலை, இரவு 9.20

குட்டையில் நேற்றே முழங்கால் அளவு தண்ணீர். நாளைக்கு விடிகாலையில் போகிறேன்.